வைதேகியோடு கும்மிடிப்பூண்டி: எர்த் ஃபால்ட் யூனிட் மாட்டப் போன ஞாயிறு

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பயணங்களின் லட்சணம் தெரியும். ஒரு கோயில், ஒரு ஏரி, வழியில் நல்ல காபி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை அந்த வரிசையில் வராது. அங்கே யாராவது ஊர் சுற்றப் போவார்களா என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். நானும் போவதாக இல்லை. என் மனைவி போனாள், நான் வண்டி ஓட்டினேன்.

வைதேகி மின் பொறியாளர். அம்பத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. தொழிற்சாலைகளில் பீரோ உயரத்துக்கு நிற்கும் மின் பேனல்களுக்குள் பெரிய பெரிய சர்க்யூட் பிரேக்கர்கள் இருக்கும். அவற்றைப் பழுது பார்ப்பதும் புதுப் பாகங்கள் மாட்டுவதும் அவள் தொழில். ஆலை ஓடாத நாளில்தான் அதைச் செய்ய முடியும். அதாவது ஞாயிற்றுக்கிழமை. நான் திருவள்ளூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறானால் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் எங்கள் குடும்பத்து முறைக் கைங்கரியத்துக்குப் போய்விடுவேன். ஆக, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை, நான் புளியோதரை கிளறி அவள் பார்த்ததில்லை.

போன மாதம் அவர்கள் நிறுவனத்து வண்டி பணிமனையில் நின்றுவிட்டது. ரயிலில் போனால் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, கையில் இரண்டு கனத்த பெட்டிகளோடு ஏறி இறங்க வேண்டும். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும், அப்படியே பழவேற்காடு போய் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். என் தம்பி மடைப்பள்ளியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். எனக்கு வேறென்ன வேண்டும்?

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் சென்னையைத் தொடாமல் போகலாம். வெங்கல் வழியாகப் பெரியபாளையம், அங்கிருந்து ஆரணி, பிறகு புதுவாயலில் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். (ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஆரணியை நினைக்க வேண்டாம். இது நம்ம மாவட்டத்து ஆரணி.) என் வண்டி மீட்டர் கணக்குப்படி மொத்தம் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். சாலை பரவாயில்லை. ஆனால் பெரியபாளையத்தில் ஆடி முடிந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடியாது. மொட்டையடித்த தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் வேனில் இருந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க இருபது நிமிஷம் ஆனது. வேப்பிலைக் கட்டு விற்கும் அம்மாள் காரின் கண்ணாடியைத் தட்டி வாங்கிக்கச் சொன்னார். வைதேகி ஒரு கட்டு வாங்கி முன்னால் வைத்துக்கொண்டாள். அம்மனுக்கு வழியிலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு, கடைத்தெருவில் இட்லி, பொங்கல், காபி. இருவருக்கும் சேர்த்து நூற்று முப்பது ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம். மடைப்பள்ளிக்காரன் சொல்கிறேன், நம்பலாம்.

தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் கூகுள் அக்கா எங்களை ஒரு முட்டுச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்தாமலே, "இன்னாணா, ஞாத்திக்கெழமைல கம்பெனிக்கு வந்துகீறீங்க?" என்றார். வீட்டுக்காரம்மாவுக்கு வேலை என்றேன். அவர் வைதேகியை எட்டிப் பார்த்துவிட்டு, நேராகப் போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடது பக்கம் திரும்பச் சொன்னார். எட்டு மணிக்கு வாசலில் இருந்தோம்.

அது இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. பெயர் வேண்டாம். வைதேகியோடு வேலை செய்யும் அன்சர் பொன்னேரியிலிருந்து பைக்கில் வந்து ஏற்கனவே காத்திருந்தான். ஆலை மேலாளர் தியாகு ஐம்பதைத் தொட்டவர், மரியாதையானவர். கூட வந்தவன் என்று எனக்கும் ஒரு ஹெல்மெட்டும் பாதுகாப்புக் காலணியும் கொடுத்து, பேனல் அறை வாசலில் நாற்காலி போட்டார். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. இதைச் சொல்லக் காரணம், உங்களையும் யாராவது உள்ளே விட்டால் அந்தக் கோட்டை மதியுங்கள். அது அலங்காரத்துக்குப் போட்ட கோடு இல்லை.

என்ன வேலை என்று வரும் வழியிலேயே கேட்டிருந்தேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பழைய பிரேக்கர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும். அளவுக்கு மேல் பாரம் ஏறினால் விழும், அதாவது தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும். கம்பியும் கம்பியும் நேராக ஒட்டிக்கொண்டால் விழும். ஆனால் கேபிள் எங்கோ தோலுரிந்து, கரண்ட் இரும்புத் தூணிலோ தரையிலோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அவற்றுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் எர்த் ஃபால்ட் யூனிட். வயர் வழியாகப் போன கரண்ட் முழுக்க வயர் வழியாகவே திரும்பி வருகிறதா என்று கூட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் பிரேக்கரை விழத் தட்டும். இந்த ஆலையில் முன்பு கேபிள் பள்ளத்தில் ஒரு சின்னத் தீ. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு காப்பீட்டுக்காரர்கள் இது கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். முதல் கட்டமாக கிரேன் ஓடும் கொட்டகையின் மெயின் பிரேக்கருக்கு மாட்டுவது. சரியாக அமைந்தால் மற்ற பிரேக்கர்களுக்கும் ஒப்பந்தம்.

மின்சாரத்தை நிறுத்தி, கைப்பிடியில் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள். கரண்ட் இல்லை என்று மீட்டரால் ஒரு தடவை பார்த்தாள். மீட்டர் வேலை செய்கிறதா என்று வேறிடத்தில் பார்த்தாள். திரும்ப வந்து இன்னொரு தடவை பார்த்தாள். வீட்டில் கேஸ் மூடியிருக்கா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்ப்பவளை நான் கேலி செய்வேன். இனி செய்ய மாட்டேன்.

பிரேக்கரை அன்சரும் அவளும் வெளியே இழுத்தார்கள். நியூட்ரல் என்கிற, கரண்ட் திரும்பி வரும் பட்டையில் வளையல் மாதிரி ஒன்றைப் பொருத்தினார்கள். போகும் மூன்று கம்பிகளின் கரண்டைப் பார்க்க பிரேக்கருக்குள்ளேயே ஏற்பாடு உண்டாம். நான்காவதுக்கு இந்த வளையம். அதன் மேல் ஒரு அம்புக்குறி இருந்தது. அது திசை மாறினால் கூட்டல் கழித்தலாகிவிடும், குறையே இல்லாத போதும் பிரேக்கர் விழும் என்றாள். அம்பின் மேல் விரலை வைத்து அன்சரிடம் வாய்விட்டுத் திசை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். பிறகு அவளும் சொன்னாள். யூனிட்டை முகப்பில் பொருத்தி, வயர்களை முறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தபோது மெல்லிய குரலில் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், பிரேக்கரோடு பேசுகிறாள். "சித்த இரு, முடிஞ்சுடுத்து" என்று. அதே குரலில்தான் எங்கள் பெண்ணுக்குச் சின்ன வயதில் தலை வாரிவிடுவாள்.

சோதனைக் கருவியை மாட்டிக் கரண்டை விட்டதும் பிரேக்கர் பட்டென்று விழுந்தது. நாற்காலியோடு நான் ஒரு அடி நகர்ந்துவிட்டேன். அன்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அது விழுவதுதான் சோதனையாம். எல்லாம் சரி. பன்னிரண்டரைக்குக் கொட்டகைக்கு மின்சாரம் கொடுத்தார்கள், லாரிகளில் சரக்கு ஏற்ற கிரேன் நகர்ந்தது. பெட்டிகளைக் கட்டினோம். பழவேற்காட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணிக்குள் படகில் இருக்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

காருக்குப் போகும் வழியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கொட்டகை இருண்டது.

திரும்பிப் போனோம். யூனிட்டில் எர்த் ஃபால்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தியாகுவின் முகம் மாறிவிட்டது. இத்தனை நாள் இல்லாத கோளாறு புது யூனிட் வந்ததும் வருகிறது என்றால் யாராக இருந்தாலும் யூனிட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். வைதேகியும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். மறுபடி பூட்டுப் போட்டுத் திறந்து, வளையத்தின் அம்பு, வயர்கள், செட்டிங் எல்லாவற்றையும் பார்த்தாள். சரியாக இருந்தன. மின்சாரம் கொடுத்தாள். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு மீண்டும் விழுந்தது.

இந்த முறை தியாகு பொறுமையை இழந்தார். அதில் தப்பு சொல்ல மாட்டேன். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போக வேண்டிய கம்பிக் கட்டுகளுக்காக ஏழு லாரிகள் கொட்டகையின் கடைசியில் நின்றன. ஓட்டுநர்கள் அங்கே தூணோரம் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் சரக்கு போகாவிட்டால் கப்பல் காத்திருக்காது. "மேடம், அந்த எர்த் ஃபால்ட்டை மட்டும் ஆஃப்ல வெச்சிடுங்க. இன்னிக்கு லோடு போகட்டும். நாளைக்கு நிதானமா பாத்துக்கலாம்" என்றார்.

வைதேகி முடியாது என்றாள். இரண்டு தடவை விழுந்திருக்கிறது, காரணம் தெரியாமல் அணைத்துவிட்டுப் போக மாட்டேன் என்றாள். அவர் உடனே அம்பத்தூருக்குப் போன் போட்டு அவளுடைய முதலாளியிடம் பேசினார். பிறகு முதலாளி அவளுக்குப் போன் செய்தார். அவர் திட்டவில்லையாம். முடிவு உன்னுடையது, ஆனால் மற்ற பிரேக்கர்களின் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும் என்பதையும் நினைத்துக்கொள் என்றாராம். அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்டது.

"போனா போகட்டும் சார். நான் ஆஃப் பண்ணிட்டுப் போய், நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, நான் மாட்டின யூனிட்தான் அங்க பார்த்துண்டு சும்மா உக்காந்திருக்கும்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள். தயிர் சாதம் இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிடு என்றேன். "கண்டுபிடிச்சுட்டு சாப்பிடறேன் சம்பத்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டகைக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மெக்கர் என்ற கருவியால் சோதித்தாள். கேபிளின் உறை நன்றாக இருக்கிறதா என்று சொல்லும் கருவி அது. விளக்குகள், பம்புகள், வெட்டும் இயந்திரம் எல்லாம் நல்ல கணக்குக் காட்டின. கிரேனுக்குப் போகும் கேபிளில் முள் பூஜ்யத்தில் படுத்தது.

கிரேன் ஓட்டுநர் சீனய்யா அதற்குள் மேலேயிருந்து இறங்கி வந்திருந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், ஆந்திர எல்லையோரம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். இரண்டு தடவையும் கரண்ட் போனதில் மூன்று மாடி உயரத்தில், இருட்டில், கூண்டுக்குள் மாட்டிக்கொண்டவர் அவர். "ரொம்ப பேஜாரா கீதுமா" என்றார். வைதேகி அவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, கரண்ட் போனபோது கிரேன் எங்கே இருந்தது என்று கேட்டாள்.

அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு தடவையும் லாரி நிற்கிற கடைசிக் கோடிதான் என்றார். அந்தக் கோடிக்குப் போனாலே கொஞ்ச நாளாக விளக்கு மினுக்கும், எப்போதாவது பொறியும் தெரியும், கிரேன் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டாராம்.

டார்ச்சோடு அவளும் ஆலையின் எலெக்ட்ரீஷியனும் கடைசிக் கோடிக்குப் போய் ஏணியில் ஏறினார்கள். கிரேன் கூடவே நகர்வதற்காக அதன் கேபிள் மேலே மடிப்பு மடிப்பாகத் தொங்கும், திரை இழுக்கிற மாதிரி. சில மாதம் முன்பு கண்காணிப்புக் கேமரா மாட்ட, கடைசித் தூணில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். கிரேன் அந்தக் கோடிக்கு வரும்போதெல்லாம் கேபிள் அந்தப் பட்டையின் விளிம்பில் உரசியிருக்கிறது. உறை அறுந்து உள்ளே செம்பு பளபளத்தது. பட்டையில் கருகிய தடம். செம்பு பட்டையைத் தொடுகிற நேரமெல்லாம் கரண்ட் அந்தத் தூணில் இறங்கியிருக்கிறது. தூணை ஒட்டி அந்த இரும்பு பெஞ்ச். அதில் ஏழு பேர்.

வைதேகி மேலேயிருந்து கத்தவில்லை. மெதுவாக இறங்கி வந்து, எல்லோரையும் பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே நிழலில் உட்காரும்படி கேட்டுக்கொண்டாள். பிறகு தியாகுவை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னாள். அவர் ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெனம் காலையில டீயைக் கையில வெச்சிக்கிட்டு நான் இங்கதான் மேடம் சாஞ்சி நிப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு லாரியைப் பற்றி அவர் பேசவில்லை. துறைமுகத்துக்கு அவரே போன் செய்து சரக்கு தாமதமாகும் என்று சொன்னார். எலெக்ட்ரீஷியன் இரும்புப் பட்டையை அறுத்து எறிந்தார். கேபிளை அந்த நீளத்துக்கு மாற்றினார்கள். மெக்கர் இப்போது நல்ல கணக்குக் காட்டியது. மணி நாலரை.

ஆனால் சீனய்யா மேலே ஏறத் தயங்கினார். பொறி தெரிந்தபோதெல்லாம் தான் அந்தக் கூண்டுக்குள் இருந்ததை அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். கைப்பிடியைத் தொடவே ஒரு மாதிரி இருக்கிறது என்றார். தியாகு வற்புறுத்தவில்லை. வைதேகி அவர் பக்கத்தில் போய், "நானும் உங்களோட வரேன். நான் முதல்ல தொடறேன், நீங்க அப்புறம் தொடுங்கோ" என்றாள்.

"நீ இன்னாத்துக்குமா மேல வர்றே?" என்றார் அவர். அவள் பாதுகாப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பரணில் இருந்து பாத்திரம் எடுக்க என்னைக் கூப்பிடுகிறவள் அந்தச் சுவரோர ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கூண்டுக்குள் இரண்டு ஹெல்மெட்டுகள் தெரிந்தன. அன்சர் மின்சாரம் கொடுத்தான். கிரேன் ஒரு முனகலோடு நகர்ந்து, கொட்டகையின் முழு நீளமும் போய், கடைசித் தூணின் மேல் நின்றது. விளக்கு மினுக்கவில்லை. பிரேக்கர் விழவில்லை. கொக்கி இறங்கிக் கம்பிக் கட்டைத் தூக்கியது. கீழே யாரோ கை தட்டினார்கள். தட்டியது நானாகவும் இருக்கலாம்.

இறங்கி வந்தவள் முகமெல்லாம் கரி. பேனல் அறை வாசலில் உட்கார்ந்து தயிர் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தியாகு வந்து, மற்ற பிரேக்கர்களுக்கு எந்த ஞாயிறு தோதுப்படும் என்று கேட்டார். முதலாளிக்குப் போன் செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பழவேற்காடு போகவில்லை. வெளிச்சம் இருக்கவில்லை, அவளுக்குத் தெம்பும் இல்லை. புதுவாயல் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். பெரியபாளையத்துக் கூட்டத்தில் மறுபடி மாட்டியபோது எனக்கு அவசரமே இருக்கவில்லை. அவள் எழுந்துவிடுவாளே என்று ஹாரன் கூட அடிக்காமல் ஊர்ந்தேன்.

இனி போகிறவர்களுக்கு. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து என்றால் பெரியபாளையம் சாலைதான் கிட்ட. ஆனால் ஞாயிறு காலையில் ஆறு மணிக்குள் பெரியபாளையத்தைத் தாண்டிவிடுங்கள். திருநின்றவூர், ஆவடிப் பக்கம் இருப்பவர்கள் சாமான் இல்லாவிட்டால் ரயிலிலேயே போகலாம், சென்ட்ரலில் மாறினால் போதும். தொழிற்பேட்டைக்குள் ஞாயிறன்று சாப்பாட்டுக் கடைகள் அநேகமாகத் திறக்காது. கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது, தண்ணீர் தாராளமாக. எங்களுக்குப் பெட்ரோல் போய்வர எழுநூறு ரூபாய் ஆனது. பருத்திச் சட்டை போடுங்கள். வேலை மத்தியானம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. வீட்டிலிருப்பவர் செய்யும் வேலையை வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்கள். எனக்கு வைதேகியின் களைப்பு தெரியும், சம்பளம் தெரியும், எண்ணெய்க் கறை போகாத துப்பட்டாக்கள் தெரியும். அவள் "முடியாது" என்று சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்பது தெரியாமல் இருந்தது.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது ஞாயிறும் போய்வந்துவிட்டோம். மற்ற பிரேக்கர்களுக்கு யூனிட் மாட்டும் வேலை. நீ வரணும்னு கட்டாயம் இல்லை என்றாள், நான் போனேன். இந்த முறை ஆலை வாசலில் எனக்குத் துணையாக ஒரு அம்மாள் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். சீனய்யாவின் மனைவி. முதல் தடவை நான் வந்ததைப் பார்த்துவிட்டு, தியாகுவிடம் கேட்டு அனுமதி வாங்கி, ஆரம்பாக்கத்திலிருந்து அவரைக் கூட்டி வந்திருக்கிறார் மனுஷர்.

மஞ்சள் கோட்டோரம் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். கிரேன் மெதுவாக நகர்ந்து எங்களுக்கு எதிரே வந்து நின்றது. கூண்டிலிருந்து சீனய்யா எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாய்யா, இம்மாம் ஒசரத்துலயா ஒக்காந்துகினுகீறே?" என்றார், அவருக்குக் கேட்காத குரலில். "ஊட்ல ஒரு வார்த்த சொல்லலியே."

மேலே அவர் கையை ஆட்டினார்.